ஐந்தாம் பக்கமும் பன்னிரண்டாம் பக்கமும்

அந்த அச்சகத்தில் தாள் மடிக்கும் பெண்கள் ஒன்பது பேர். எட்டுப் பேர் தாளை மடித்தார்கள். ஒன்பதாவது ஆள் மடித்ததோடு நிற்காமல் படிக்கவும் செய்தாள். எதையும் இரண்டு தரம் பார்க்காமல் நம்பமாட்டாள் என்பதால் மற்றவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. காய்ச்சல் என்று யாராவது லீவு சொன்னால்கூட, "நேத்து சாயங்காலம் சிரிச்சுக்கிட்டுத்தானே போனே?" என்று கேட்பாள்.

ஒரு மாதமாக அவள் யாரையும் பேச்சுக்குக்கூட நம்பவில்லை. காரணம் அவளுடைய தம்பி.

தம்பி அதே அச்சகத்தில் வெட்டு இயந்திரத்தில் வேலை பார்த்தவன். ஒரு கை நீளக் கத்தி. ஐந்நூறு தாளை ஒரே இறக்கில் வெண்ணெய் மாதிரி வெட்டும். அதன் இரண்டு பக்கமும் இரண்டு கைப்பிடிகள் உண்டு. இடக்கை ஒன்றையும் வலக்கை மற்றொன்றையும் பிடித்து, இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் கத்தி இறங்கும். இரண்டு கையும் பிடியில் இருக்கும்போது விரல் எப்படிக் கத்திக்கு அடியில் போகும்? போக வழியே இல்லை. அதற்கு இரட்டைப் பிடி என்று பெயர். அதைக் கண்டுபிடித்தவர் உலகம் அறிந்த மனிதர். பள்ளிக்கூடப் புத்தகத்தில் அவருக்கு ஒரு பாடம் உண்டு. அச்சகக்காரர்கள் அவரை இரட்டைப்பிடியார் என்பார்கள், பாதி மரியாதையாக, பாதி சொந்தமாக.

அப்படிப்பட்ட இயந்திரத்தில்தான் தம்பியின் இடது கையில் சுட்டுவிரலும் நடுவிரலும் போயின.

"மேஸ்திரிதான் இடது பிடியை அழுத்தித் துணியால கட்டிவெச்சார்" என்றான் தம்பி. "நோட்டுப் புத்தகம் அவசரம், ஒரு கையால அழுத்து, ஒரு கையால தாளைத் தட்டி ஒழுங்குபண்ணுன்னார்."

"எந்தத் துணி?" என்றார் மேஸ்திரி. "இரட்டைப் பிடியில விரல் போகவே போகாது. இவனா எங்கேயோ வெட்டிக்கிட்டு வந்து மிஷின் மேல பழி போடறான். இல்லேன்னா வேணும்னே விட்டிருக்கான்."

ஆட்கள் ஓடி வந்தபோது பிடியில் துணி இல்லை. யாரைக் கேட்டாலும், "நான் அந்தப் பக்கமே பாக்கலையே" என்றார்கள். கண் பார்த்ததை வாய் பார்க்கவில்லை. வேலை யாருக்கும் வேண்டாததா என்ன?

திங்கட்கிழமை பத்து மணிக்கு முதலாளி அறையில் விசாரணை. பொய் சொன்னான், வேண்டுமென்றே செய்துகொண்டான் என்று தாளில் எழுதி அனுப்பிவிட்டால் வேறு எந்த அச்சகமும் அவனை வாசல்படி ஏற்றாது. மூன்று விரல் இடக்கையோடு, கெட்ட பெயரோடு, இருபத்தாறு வயதில் அவன் எங்கே போய் நிற்பான்?

அவளுக்கு மேஸ்திரி மேல் சந்தேகம். முதலாளி மேல் சந்தேகம். சொன்னால் வெட்கக்கேடு, தம்பி மேலும் சந்தேகம். சின்ன வயதிலிருந்தே அவன் வாயில் உண்மை வாடகைக்குத்தான் குடியிருந்தது. பரீட்சையில் தோற்றபோது விடைத்தாளை எலி தின்றுவிட்டது என்றவன் அவன்.

வெள்ளிக்கிழமை காலை புது வேலை வந்தது. இரட்டைப்பிடியாருக்கு எண்பது வயது நிறைவதால் பெரிய விழா. அதற்கு ஒரு பாராட்டு மலர். பெயர் 'பத்து விரல்களின் காவலர்'. அந்த மலர் இந்த அச்சகத்துக்கே வந்ததில் முதலாளி தரையில் கால் பாவாமல் நடந்தார்.

மலரை அச்சடித்த தாள்கள் மேஜையில் வந்து விழுந்தன. ஒரு பெரிய தாளில் பதினாறு பக்கங்கள், முன்னால் எட்டு, பின்னால் எட்டு. மடிப்பதற்கு முன் பக்கங்கள் வரிசையாக இருக்காது. ஒன்றுக்கு அருகில் பதினாறு, ஐந்துக்கு அருகில் பன்னிரண்டு என்று, முன்பின் தெரியாதவர்கள் பேருந்தில் அடுத்தடுத்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். மூன்று மடிப்பு விழுந்த பிறகுதான் ஒவ்வொன்றும் அதனதன் இடத்துக்குப் போகும்.

அவள் மூங்கில் பட்டையால் மடிப்பை நீவிக்கொண்டே படித்தாள். அச்சகத்தைக் கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்த பையன். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. 'பத்தொன்பதாம் வயதில் இடது கையின் இரண்டு விரல்களை வெட்டு இயந்திரத்துக்குப் பறிகொடுத்தார். அந்த வலியில் பிறந்ததே இரட்டைப் பிடி' என்றது ஐந்தாம் பக்கம். சைக்கிள் பிரேக் கம்பியையும் தையல் இயந்திரத்தின் சுருளையும் வைத்து முதல் மாதிரியைச் செய்தார். ஏழு முதலாளிகள் துரத்தினார்கள், எட்டாவது ஆள் நம்பினார். இன்று முப்பது நாடுகளில் அவருடைய பிடி. எத்தனை கைகள் முழுசாக வீடு திரும்புகின்றன!

ஐந்துக்கு அருகிலேயே பன்னிரண்டு. அதில் ஒரு பழைய புகைப்படம். 'முதல் மாதிரியுடன், முப்பத்தோராம் வயதில். இதுவரை வெளிவராத அரிய படம்.' சட்டைக் கையை மடித்துவிட்ட ஒல்லி மனிதர், இரண்டு கைகளையும் இரண்டு பிடிகளில் வைத்துக்கொண்டு நிற்கிறார். படம் துல்லியமாக இருந்தது. பிடியைச் சுற்றி விரல்கள் வரிசையாகத் தெரிந்தன.

அவள் எண்ணினாள். வலது கையில் ஐந்து. இடது கையில் ஐந்து.

மறுபடி எண்ணினாள். பிறகு பக்கத்தில் இருந்தவளை எண்ணச் சொன்னாள்.

"பத்துதான். மனுஷனுக்குப் பத்து இல்லாம பன்னண்டா இருக்கும்? உனக்கு வேற வேலை இல்லையாடி?"

மடித்து முடித்த மலராகக் கையில் எடுக்கிறவர்களுக்கு அந்தப் படம் ஏழு பக்கம் தள்ளிப் போய்விடும். ஐந்தில் கண்ணீர் விட்டவர்கள் பன்னிரண்டில் விரல் எண்ணமாட்டார்கள். மடிக்காத தாளில் மட்டும் இரண்டும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன.

பத்தொன்பதில் போன விரல் முப்பத்தொன்றில் எப்படி இருக்கும்? அப்படியானால் விரல் போனது அதற்குப் பிறகு. இரட்டைப் பிடி வந்ததற்குப் பிறகு! 'இந்த ஆள் செஞ்ச மிஷினே இந்த ஆள் விரலை எடுத்திருக்கு. இது ஊரை ஏமாத்தற மிஷின். அதை மறைக்கத்தான் இந்தக் கதை' என்று அவள் மனம் கணக்குப் போட்டது. ஒரு தாளை யாரும் பார்க்காமல் நாலாக மடித்துச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டாள்.

மலரின் மாதிரிப் பிரதியை அவரிடம் காட்டி வர யாராவது போகவேண்டும் என்று மேஸ்திரி கூவியபோது, "நான் போறேன்" என்றாள். மேஸ்திரி அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"நீயா? போனோமா வந்தோமான்னு இருக்கணும். தம்பி கதையெல்லாம் அங்கே அவிழ்த்துவிடக் கூடாது."

"நான் எதுக்கு அவிழ்க்கறேன்? கட்டினவங்கதானே அவிழ்க்கணும்" என்று சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அது கல் மாதிரி இருந்தது. கல்லுக்கும் காது சிவக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் அவர் வீட்டுக் கதவைத் தட்டினாள். கதவில் மூன்று பூட்டுகள். சங்கிலி போட்ட இடுக்கு வழியாக ஒரு கண் பார்த்தது. மருமகளின் கண்.

"அச்சகமா? அடையாளச் சீட்டு இருக்கா? பையில என்ன?"

"சாப்பாட்டு டப்பாம்மா."

"திறந்து காட்டுங்க. தப்பா நினைக்காதீங்க. மாமா உத்தரவு. யார் வந்தாலும் வரைபடத்தைத் திருடத்தான் வர்றாங்கன்னு நினைப்பார். போன மாசம் பால்காரரையே வாசல்ல நிறுத்திக் கேள்வி கேட்டார்."

உள்ளே நீளமான அறை. சுவர் முழுக்கப் பதக்கங்களும் பட்டங்களும். ஜன்னலோரம் ஒரு வேலை மேஜை. அரம், சுத்தியல், சுருள் கம்பிகள். மேஜைக்கு அடியில் ஆறு இழுப்பறைகள், ஆறுக்கும் பூட்டு. சாவிக்கொத்து அவருடைய இடுப்பில். இடது கையின் மூன்று விரல்களால் அதைத் தடவிக்கொண்டே அவர் அவளைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். சந்தேகத்தில் யார் யாருக்குச் சளைத்தவர் என்று சொல்லவே முடியாது.

மாதிரிப் பிரதியை வாங்கி அட்டையைத் தட்டிப் பார்த்தார். "முதுகு சரியா ஒட்டலை" என்றார். "வேற என்ன? போகாம நிக்கறே?"

அவள் பையிலிருந்து தாளை எடுத்து மேஜையில் விரித்தாள்.

"ஐயா, அஞ்சாம் பக்கத்துல பத்தொம்பது வயசு, எட்டு விரல். பன்னண்டாம் பக்கத்துல முப்பத்தோரு வயசு, பத்து விரல். விரல் திரும்ப முளைக்குமா ஐயா?"

கதவருகே நின்ற மருமகள் கையை வாயில் வைத்துக்கொண்டாள். பழைய பெட்டியைக் குடைந்து அந்தப் படத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தவளே அவள்தான்.

அவர் தாளின் மேல் குனிந்தார். "படத்தைத் திருப்பி அச்சடிச்சிருப்பாங்க. இடது வலதாத் தெரியும்."

"எப்படித் திருப்பினாலும் பத்து பத்துதானேங்க."

"உன்னை யார் அனுப்பினா? எந்தக் கம்பெனி?"

"யாரும் அனுப்பலை. என் தம்பிக்கு உங்க மிஷின்ல ரெண்டு விரல் போயிடுச்சு. இதே இடது கை. திங்கக்கிழமை அவனைப் பொய்காரன்னு எழுதி அனுப்பப் போறாங்க. இரட்டைப் பிடியில விரல் போகாதாம். உங்க பேரைச் சொல்லித்தான் அவன் கழுத்தை அறுக்கறாங்க."

என் இயந்திரத்தைக் குறை சொல்கிறாயா என்று அவர் எகிறுவார், அதற்கு இதைச் சொல்லலாம், இதற்கு அதைச் சொல்லலாம் என்று வழியெல்லாம் வாய்க்குள்ளேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். அவர் எகிறவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். தணிந்த குரலில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"எதால கட்டியிருந்தாங்க? கயிறா, துணியா?"

பிடியைக் கட்டியதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

"துணி" என்றாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நானும் துணிதான்" என்றார்.

மருமகள் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அவர் சொன்னதைப் பூதக்கண்ணாடி ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்துப் பார்த்தாள். ஏழு முதலாளிகளும் சொன்ன குறை ஒன்றுதான்: இரட்டைப் பிடி போட்டால் வேலை மந்தம். எட்டாவது முதலாளி பந்தயம் வைத்தார், ஒரு மணி நேரத்தில் பழைய இயந்திரம் வெட்டும் அளவை இது வெட்டிக் காட்டவேண்டும் என்று. இவருக்கு அப்போது முப்பத்துநாலு வயது. நாற்பது நிமிஷம் ஆனபோது பின்தங்கிவிட்டார். முதலாளி சாப்பிட வீட்டுக்குப் போன நேரம் பார்த்துத் தோள் துண்டால் இடது பிடியைக் கட்டினார். பந்தயத்தில் ஜெயித்தார். கடைசித் தாள்கட்டை வெட்டும்போது விரல் போயிற்று. துண்டை அவரே அவிழ்த்து, அந்தக் கையிலேயே சுற்றிக்கொண்டு, பழைய இயந்திரத்தில் வெட்டிக்கொண்டதாகச் சொன்னார்.

"ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு பத்திரிகைக்காரர் வந்தார். விரல் எப்போ போச்சுன்னார். சின்ன வயசிலன்னு சொல்லிட்டேன். அந்த மனுஷன் அழுதுட்டார். அழுதவர்கிட்டே அப்புறம் எப்படிம்மா மாத்திச் சொல்றது?"

"மாமா, என் பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல அதை மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சாங்களே!" என்றாள் மருமகள்.

அவர் கடைசி இழுப்பறையைத் திறந்தார். மஞ்சள் பூத்த ஒரு வரைபடம். ஒவ்வொரு வெட்டுக்கும் இரண்டு பிடிகளும் மேலே எழுந்து மறுபடி இறங்கினால்தான் கத்தி இறங்கும். ஒன்றைக் கட்டிவைத்தால் கத்தி அசையவே அசையாது. வரைந்து முடித்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறதாம்.

"ஏன் பூட்டி வெச்சீங்க?"

"வெளியே விட்டா எதுக்கு இதுன்னு கேப்பாங்க. பிடியைக் கட்டலாம்னு உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்க. நீ கேட்ட மாதிரியே."

"இருபத்தெட்டு வருஷத்துல எத்தனை விரல் போயிருக்கும் ஐயா?"

அவர் இழுப்பறையை மறுபடி பூட்டினார்.

"திங்கக்கிழமை வருவீங்களா?"

"பாக்கலாம்" என்றார்.

பார்க்கலாம் என்றால் பார்க்கமாட்டேன் என்று பொருள். இது அவளுக்குப் பால் குடிக்கும் வயதிலிருந்தே தெரியும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க, அவர் முதலாளிக்குப் போன் போட்டிருப்பார், நாளைக்கு அக்கா தம்பி இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சீட்டுக் கிழியும் என்று புழுங்கினாள்.

திங்கட்கிழமை பத்து மணி. முதலாளி மேஜையில் தட்டச்சு செய்த தாள் ஏற்கெனவே தயாராக இருந்தது. விசாரணை என்று பெயர், தீர்ப்பு முன்னாலேயே அடித்தாகிவிட்டது. கட்டுப் போட்ட கையை மறைத்துக்கொண்டு தம்பி நின்றான், பக்கத்தில் அவள்.

"கடைசியாக் கேக்கறேன்" என்றார் முதலாளி. "யார் கட்டினா?"

"மேஸ்திரிங்க."

"பார்த்தீங்களா, வாய் கூசாமச் சொல்றான்" என்றார் மேஸ்திரி.

அப்போது வாசலில் கார் நின்றது. மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு இரட்டைப்பிடியார் இறங்கினார். முதலாளி செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். "நீங்க எதுக்குங்க சிரமப்பட்டு? சொல்லியிருந்தா மலரை நானே கொண்டுவந்திருப்பேனே!"

"மலர் கிடக்கட்டும். மிஷினைப் பாக்கணும்."

எல்லாரும் வெட்டு இயந்திரத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். தாள் மடிக்கும் எட்டுப் பேரும் வேலையை விட்டுவிட்டு வந்தார்கள். அவர் இயந்திரத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்தார். இடது பிடியை அழுத்தி, மூன்று விரல் கையால் துண்டைச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டார். முடிச்சு கோணலாக விழுந்தது. பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரியின் விரல்கள் தாமாகத் துடித்தன. ஒரு தொழில்காரன் முன்னால் இன்னொருவர் கோணலாகச் செய்வதைவிடப் பெரிய சித்திரவதை உண்டா?

"அப்படி இல்லைங்க" என்றார் மேஸ்திரி. "அது நழுவும். பாதி வெட்டுல அவிழ்ந்துடும். கீழே ஒரு சுத்து கொடுத்து, மேல வாங்கி இழுக்கணும். இந்தாங்க, இப்படி."

கண் மூடித் திறப்பதற்குள் கட்டி முடித்துவிட்டார். இரும்பு மாதிரி நின்றது பிடி. அப்புறம்தான் கூடத்தில் யாருமே மூச்சு விடவில்லை என்பதைக் கவனித்தார்.

"ஆமாம்" என்றார் இரட்டைப்பிடியார். "எனக்கு இவ்வளவு நல்லாக் கட்ட வரலை. முப்பத்துநாலு வயசுல நான் கட்டினது கோணல் முடிச்சு." இடது கையை எல்லாரும் பார்க்கும்படி உயர்த்திக் காட்டினார். "இந்தப் பையன் சொன்னது நடக்கும். எனக்கே நடந்தது."

முதலாளி மேஸ்திரியை முறைத்தார். மேஸ்திரிக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ. "என்னை ஏன் பாக்கறீங்க? கட்டியாவது முடிங்கய்யான்னு சொன்னது யாரு?" என்றார். அதன் பிறகு முதலாளிக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது. இருமி முடித்தபோது தட்டச்சுத் தாளைக் கசக்கிக் கூடையில் போட்டிருந்தார்.

"பையன் தாள் எண்ணுற பகுதியில இருக்கட்டும்" என்றார், யாரையும் பார்க்காமல்.

"நல்லது" என்றார் இரட்டைப்பிடியார். "இன்னொண்ணு. அஞ்சாம் பக்கத்தை மாத்துங்க. நான் இப்போ சொன்னதை அப்படியே போடுங்க. இல்லேன்னா மேடைக்கு வரமாட்டேன். பதிமூணாம் பக்கத்துல யாரோ வாழ்த்துப் பாட்டு எழுதியிருக்கார். அதை எடுத்துட்டு இதைப் போடுங்க." மருமகளின் பையிலிருந்து மஞ்சள் வரைபடத்தை எடுத்து மேஜையில் வைத்தார். "யார் வேணா பாக்கட்டும். யார் வேணா செய்யட்டும்."

முதலாளி வரைபடத்தை எடுக்கக் கை நீட்டியபோது, பழக்கதோஷம், கிழவரின் கை அதை ஒரு கணம் அழுத்திப் பிடித்தது. பிறகு விட்டது. இடுப்பில் சாவிக்கொத்து இல்லை என்பதை அவள் அப்போதுதான் பார்த்தாள். மருமகளின் கையில் இருந்தது.

காரில் ஏறும்போது அவர் அவளைக் கூப்பிட்டார். "நீ ஏன் விரலை எண்ணினே?"

"தெரியலைங்க. எல்லாத்தையும் எண்ணுவேன்."

"எண்ணிக்கிட்டே இரு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். இவர் தம்பிக்காக வந்தாரா, எண்பது வயதில் தன் பாரத்தை இறக்கிவைக்க வந்தாரா என்று அவளுக்கு அப்போதும் ஒரு சந்தேகம் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் காலை தம்பி வேலைக்குக் கிளம்பினான். சாப்பாட்டுப் பையின் வாயை ஒற்றைக் கையாலும் பல்லாலும் கட்டினான். கீழே ஒரு சுற்று, மேலே வாங்கி ஓர் இழுப்பு. பை இரும்பு மாதிரி நின்றது.

அவள் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தாள்.

"டேய். இந்த முடிச்சை எங்கே கத்துக்கிட்டே?"

அவன் பையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். தப்பி ஓட வாசல் ஒன்றுதான் இருந்தது. அதில் அவள் நின்றாள்.

"அன்னிக்குக் கட்டினது மேஸ்திரிதான் அக்கா. சத்தியமா." பையின் முடிச்சைத் தடவினான். "மத்த நாளெல்லாம் நான்தான் கட்டுவேன்."

"இதை முதல்லயே சொல்லியிருந்தா என்னவாம்?"

"சொல்லியிருந்தா நீ நம்பியிருப்பியா?"

அவள் யோசித்துப் பார்த்தாள்.

"மாட்டேன்" என்றாள். பையை வாங்கி முடிச்சை அவிழ்த்து, அவிழ்க்க எளிதான ஒரு சாதாரண முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள். பிறகு இரண்டு பேருமாக வேலைக்கு நடந்தார்கள். அன்றைக்கு அவளுக்கு ஐந்தாம் பக்கத்தை மறுபடி முதலிலிருந்து மடிக்கவேண்டியிருந்தது.